நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நேரில்

"யக்கா, நீங்க என்னைக்காவது முழுசா ஓடியிருக்கியளா?"

பிரிஸ்கா மோத்தாவிடம் இப்படிக் கேட்டவள் கோவில்பட்டிக்காரி இசக்கியம்மாள். கேட்ட இடம் தூத்துக்குடி ஓட்டக் கணிப்பு நிலையத்தின் காத்திருப்பு அறை. பிரிஸ்கா அப்போது ஆறு ஆண்டுகளாகப் பெண்கள் நெடுந்தூர ஓட்டத்தில் மாநில சாம்பியன். சுவரில் அவளுடைய ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கியபடி வருகிற படம். அதன் அடியில்தான் இசக்கி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கணிப்புக்கு வருவது அது இரண்டாவது தடவை.

"எதை முழுசா?" என்று கேட்டாள் பிரிஸ்கா.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரத்தான்."

"அதப் போய் யாராவது ஓடுவாங்களா?"

பிரிஸ்கா சிரித்தாள். ரத்தம் எடுக்க வந்த நர்ஸும் சிரித்தாள். இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப இது எங்கன வச்சு எடுத்தது?"

"எடுக்கல. மிஷின் வரைஞ்சது."

இசக்கி ஒரு மாதிரி தலையாட்டினாள். நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டாள். விரல் நுனியில் மூன்று சொட்டு ரத்தம், துடிப்பை அளக்க நெற்றியில் இரண்டு வில்லை, டிரெட்மில்லில் எட்டு நிமிட ஓட்டம். அவ்வளவுதான் போட்டி. மீதி இரண்டரை மணி நேரத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

பிரிஸ்கா வீட்டுக்கு வந்தாள். அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கிய நெத்திலி முள் போல நின்றது. சோற்று உருண்டையை விழுங்கியும் போகவில்லை.

முடிவு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. பிரிஸ்காவின் கணவன் ரெமிஜியுஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வருடா வருடம் அந்த நாளுக்காக முறுக்கு வாங்கி வைப்பான். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்கள். இயந்திரம் கணக்கிட்ட ஓட்டத்தைப் படமாக வரைந்து, நேரில் நடப்பது போலவே காட்டுவார்கள். வர்ணனை இருக்கும். சாலையோரத்தில் வரைந்த ஜனங்கள் கைதட்டுவார்கள். பிரிஸ்கா சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தான் ஓடுவதைப் பார்ப்பாள். படத்தில் ஓடுகிற பிரிஸ்காவுக்கு முடி கலைவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது நிமிடத்திலேயே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். படத்தில் ஓடுகிற இசக்கி தும்மினாள். நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் தும்மினாள். பிறகு அதே போல, அலாரம் வைத்த மாதிரி, நான்கு நிமிடத்துக்கு ஒரு தும்மல். பக்கத்து வீட்டுப் பெண்கள் எண்ணத் தொடங்கினார்கள். கடைசித் திருப்பத்தில் பிரிஸ்காவும் இசக்கியும் தோளோடு தோளாக வந்தபோது, இசக்கி முப்பத்தெட்டாவது தடவை தும்மினாள். பிரிஸ்கா மூன்று வினாடி முன்னால் போய் நாடாவை அறுத்தாள். இரண்டு மணி முப்பத்து நான்கு நிமிடம் பதினோரு வினாடி.

"ஏழாவது தடவ," என்றான் ரெமி. "நீ ரொம்பக் களைச்சுப் போயிருப்ப. காப்பி நான் போடுதேன்."

மறுநாள் காலைக் காப்பி வருவதற்குள் இசக்கியின் போன் வந்துவிட்டது.

"யக்கா, எட்டு நிமிசத்துல ரெண்டே ரெண்டு தும்மல். அதுவும் அந்த ஏசியால. மிசினு அதப் பெருக்கி வழி பூரா முப்பத்தெட்டு தும்மல்னு வச்சிருக்கு. ஒரு மனுசி ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு தும்மல் தும்முவாளா?"

"ஜலதோஷம் இருந்தா…"

"ஊர்ல என்னையத் தும்மல் இசக்கின்னு கூப்பிடுதானுவ. பால்காரரு இன்னைக்கு மூக்கப் பொத்திக்கிட்டுப் பால் ஊத்துதாரு. நான் நேர் ஓட்டம் கேக்கப் போறேன்க்கா. உங்க மேல கோவம் கிடையாது. சொல்லிட்டுச் செய்யணும்ல."

மாநில ஓட்டச் சங்கத்தின் விதிகளில் முப்பத்தோராவது அது. முதல் மூன்று இடத்தில் வந்த யாரும், கணிப்பில் திருப்தி இல்லையென்றால், நேரில் ஓடிப் பார்க்கும்படி கேட்கலாம். எதிராளி மறுத்தால் பட்டம் கேட்டவருக்கு. ஓடினால், ஓடி வந்த முடிவே கடைசி முடிவு. இயந்திரம் புதிதாக வந்த காலத்தில் ஜனங்களுக்கு நம்பிக்கை வருவதற்காக எழுதி வைத்த விதி. இருபத்திரண்டு வருடங்களாக யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு விதி இருப்பது இசக்கிக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். தோற்ற எரிச்சலில் அவள் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள்.

மறுநாள் கணிப்பு நிலையத்தின் தலைமைக் கணிப்பாளர் கோமதிநாயகம் பிரிஸ்காவின் வீட்டுக்கே வந்தார். ஒல்லியான மனிதர். வெயில் இல்லாத நேரத்திலும் கையில் குடை வைத்திருப்பார்.

"மறுத்திருங்க மேடம்," என்றார் உட்கார்ந்ததும். "இந்த வருஷம் பட்டம் அந்தப் பொண்ணுக்குப் போகட்டும். அடுத்த வருஷம் உங்களுக்குத்தான வரப்போகுது."

"நான் ஓடினா என்ன சார்? மிஷின் சொன்னது சரின்னா நான்தான ஜெயிப்பேன்?"

கோமதிநாயகம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ரோட்டுல நடந்த ஓட்டத்துல நான் தண்ணி குடுக்க நின்னேன். காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன். அன்னைக்கு நாப்பத்தெட்டு டிகிரி. நாலு பிள்ளைங்க விழுந்தாங்க. ரெண்டு பிள்ளைங்க எந்திரிக்கல. ஒரு பொண்ணுக்கு நான் நீட்டின கப்பு என் கையிலயே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த மிஷின் செய்ற இடத்துல வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தி கூட விழல மேடம். அத நினைச்சுத்தான் நான் தூங்குறேன்."

பிரிஸ்கா எழுந்து போய்ச் செம்பை எடுத்து வந்தாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தை மாசத்துல ஓடுறோம் சார். விடியக்காலைல. கூட நீங்க கார்ல வாங்க, டாக்டர கூட்டிட்டு வாங்க. யாராவது விழுந்தா நிறுத்திரலாம். ஆனா நான் ஓடணும். எனக்கு முப்பத்திமூணு வயசாச்சு. ஏழு தடவ ஜெயிச்சிருக்கேன். ஒரு தடவ கூட எனக்கு மூச்சு வாங்கல. என்னால முடியுமா முடியாதான்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றான் ரெமி சமையலறையிலிருந்து. "மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கும்."

கோமதிநாயகம் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனாலும் குடையை மறந்துவிட்டுப் போனார். அவ்வளவு கவலை.

ஓட்டத்தை எப்படி நடத்துவது என்று சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. தூத்துக்குடி பழைய துறைமுக வாசலில் தொடங்கி, கடலோரச் சாலை வழியாகத் திருச்செந்தூர் போனால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் கணக்காக வருகிறது என்று ரெமி ஸ்கூட்டரில் அளந்து சொன்னான். அனுமதி வாங்கக் காவல் நிலையத்துக்குப் பிரிஸ்காவும் இசக்கியும் கோமதிநாயகத்தோடு போனார்கள். ஏட்டு சுடலைமணி மனுவை இரண்டு தடவை படித்தார்.

"ஓடப் போறியளா? எதுக்கு?"

"யாரு முதல்ல வாரான்னு பாக்க," என்றாள் இசக்கி.

"அதான் டிவில காட்டிட்டானே. நீதான அந்தத் தும்மல் பிள்ள?"

இசக்கி பற்களைக் கடித்தாள். ஏட்டு கணினியில் தேடினார். ஓட்டப் பந்தயத்துக்கு என்று ஒரு பிரிவே இல்லை. கடைசியில் 'ஊர்வலம்' என்ற பிரிவில் பதிவு செய்தார்.

"எத்தன பேரு?"

"ரெண்டு."

"மேளம் உண்டா?"

"இல்ல."

"சப்பரம், சாமி எதுவும்?"

"இல்ல சார்."

"பின்ன என்ன ஊர்வலம் இது," என்று வருத்தப்பட்டபடியே முத்திரை குத்தினார். "தைப்பூசத்துக்கு ரெண்டு நாளுக்கு முந்தி வச்சிருக்கிய. பாதயாத்திரைக்காரவுக ரோடு பூரா நடப்பாக. யாரையும் இடிச்சிராம ஓடுங்க."

ஓட்டத்துக்கு முன் பிரிஸ்கா என்ன பயிற்சி செய்வதென்று யாரிடம் கேட்பது. அவளுடைய பயிற்சி எல்லாமே எட்டு நிமிடத்துக்கானது. குளிரூட்டிய கூடத்தில் ஆறு கிலோமீட்டர், நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம், மூச்சைப் பிடித்து வைக்கும் பழக்கம், அளந்து கொடுத்த கஞ்சி. இயந்திரத்துக்கு எந்த மாதிரி இதயத் துடிப்பு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தார்ச் சாலை எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு நாள் ரோச் பூங்காவிலிருந்து வீடுவரை ஓடிப் பார்த்தாள். மூன்று ஆட்டோக்காரர்கள் நிறுத்தி, "என்னம்மா, யாராவது துரத்துதானா?" என்று கேட்டார்கள்.

அந்த நாள் வந்தது. காலை ஐந்து மணி. துறைமுக வாசலில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு. விதிப்படி துப்பாக்கி வெடித்துத் தொடங்க வேண்டும். ஏட்டு சுடலைமணி தன்னால் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரெமி ஸ்கூட்டர் ஹாரனை அடித்தான். இரண்டு பெண்களும் கிளம்பினார்கள்.

பின்னால் கோமதிநாயகத்தின் கார். அதில் டாக்டர், இரண்டு குடைகள், ஒரு பெட்டி தண்ணீர், மடியில் ஒரு திரை. அந்தத் திரையில் இதே சாலையில் இயந்திரம் வரைந்த பிரிஸ்காவும் இசக்கியும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளின் காற்று, ஈரப்பதம், சாலையின் ஏற்ற இறக்கம் எல்லாம் கணக்கில் உண்டு.

முதல் ஐந்து கிலோமீட்டர் பிரிஸ்கா பறந்தாள். குளிர்ந்த காற்று. வலது பக்கம் உப்பளங்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. இதுவா கஷ்டம், இதற்கா இருபத்திரண்டு வருடம் பயந்தோம் என்று நினைத்தாள். எட்டாவது கிலோமீட்டரில் அந்த நினைப்பு போய்விட்டது. பத்தாவது கிலோமீட்டரில் வலது குதிகால் என்று ஒன்று தனக்கு இருப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டாள்.

முள்ளக்காட்டில் முதல் தண்ணீர்ப் பந்தல் வந்தது. பாதயாத்திரைக்காரர்களுக்காகப் போட்டது. பெரிய எவர்சில்வர் அண்டாவில் பானகம். ஒரு பருத்த அம்மாள் சாலையின் நடுவே வந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"குடிச்சிட்டுப் போங்க தாயி."

"நாங்க போட்டியில ஓடுறோம்மா."

"ஓடுங்க, யாரு வேண்டாம்னா. முருகன் வழியில பானகத்த வேண்டாம்னு சொல்லிட்டா ஓடுவாக?"

பிரிஸ்கா மாதா கோவில் தெருவில் பிறந்தவள். ஆனாலும் அந்த அம்மாளிடம் மறுத்துப் பேச அவளுக்குத் தைரியம் இல்லை. நின்று குடித்தாள். இசக்கி இரண்டு டம்ளர் குடித்தாள். அடுத்த பந்தலில் நீர்மோர். அதற்கடுத்த பந்தலில் சுண்டல். வாங்காமல் போக ஒருவரும் விடவில்லை. வயிற்றுக்குள் குடம் குலுங்குவது போல் சத்தம் கேட்டது.

காரிலிருந்து கோமதிநாயகம் தலையை நீட்டினார்.

"மேடம், உங்க படம் பழையகாயலத் தாண்டிருச்சு."

"என் படத்த யாரும் சுண்டல் தின்னச் சொல்லல சார்."

இசக்கி ஒரு தடவை தும்மினாள். உடனே காரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "அது தூசி. அதக் கணக்குல எழுதாதீங்க."

அப்போதுதான் அந்தப் பெண் பின்னாலிருந்து வந்தாள்.

முதலில் பாதச் சத்தம்தான் கேட்டது. செருப்பில்லாத கால், தாரில் விழுகிற சத்தம். பச்சைச் சேலையை முழங்காலுக்குக் கீழே வரிந்து கட்டியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு மஞ்சள் பை. நடந்து போகிற கூட்டத்தின் ஓரமாக, யாரையும் இடிக்காமல், நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில் வந்தாள். இருவரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தாண்டிப் போனாள்.

இருவரும் இன்னும் ஐம்பது அடி ஓடினார்கள்.

"யக்கா," என்றாள் இசக்கி. "இப்ப நம்மள ஒரு பொம்பள முந்திட்டுப் போனாளா?"

"ஆமா."

"பையோட."

"ஆமாளா. பேசாம ஓடு."

இருவரும் வேகத்தைக் கூட்டினார்கள். பச்சைச் சேலை கொஞ்ச தூரம் பக்கத்தில் வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சிறிதாகி, சாலையின் வளைவில் ஒரு பச்சைப் புள்ளியாகி, மறைந்தது. பழையகாயல் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் பிரிஸ்கா விசாரித்தாள்.

"பச்சச் சேலையா? அது எட்டயபுரத்துப் பக்கம்லா. நேத்துக் காலைல கிளம்பினது. ராத்திரி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அங்கிட்டு உள்ள மண்டபத்துல படுத்துட்டு வருது. வருசா வருசம் ஓடித்தான் வரும். என்ன வேண்டுதலோ, வாயத் திறக்காது. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு பேச்சு கிடையாது."

"எத்தன வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்சு பத்துப் பன்னெண்டு வருசமா."

பிரிஸ்கா கையில் மோரோடு நின்றாள். பத்து பன்னிரண்டு வருடமாக இந்தச் சாலையில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். கணிப்பு நிலையம் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்.

"இங்கயே நின்னா எப்படி? ஆத்தூர்ல இன்னொரு பந்தல் இருக்கு, அங்கயும் நிக்கணும்," என்று சொல்லிவிட்டு இசக்கி ஓடினாள்.

தாமிரபரணிப் பாலத்தில் அவள் பிரிஸ்காவைவிட நானூறு மீட்டர் முன்னால் இருந்தாள். பாலத்தின் மறுபக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை வாசனை. மணி ஏழே முக்கால். அங்கே ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்து, வலது தொடையை இரண்டு கைகளாலும் குத்திக்கொண்டிருந்தாள் இசக்கி.

"பிடிச்சிருச்சா?"

"கல்லு மாதிரி. நீங்க போங்க. உங்க படம் நாடா அறுத்தாச்சாம். கோமதிநாயகம் சாரு கார்ல இருந்து சொன்னாரு. என் படமும் வந்துட்டாம். நம்ம ரெண்டு பேரும் மாலை போட்டுட்டு நிக்கோமாம். இங்கன இருந்து இன்னும் பதினேழு கிலோமீட்டரு இருக்கு."

பிரிஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பில் பிடித்துக்கொண்டது. இசக்கியின் பக்கத்தில் அவள் குனிந்து நிற்க, இருவரும் சிரித்தார்கள். டாக்டர் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அழுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"நிறுத்திரலாம் மேடம்," என்றார் கோமதிநாயகம். அவர் முகம் வெளிறியிருந்தது. குடையைப் பிரிஸ்காவின் தலைக்கு மேல் விரித்தார். "முப்பத்தஞ்சு டிகிரி ஆயிருச்சு. இது போதும். யாரும் உங்களக் குறை சொல்ல மாட்டாங்க."

பிரிஸ்கா தன் கால்களைப் பார்த்தாள். இடது காலணியின் நுனியில் ரத்தம் ஊறியிருந்தது. ஆனால் தலை சுற்றவில்லை. நாக்கு வறளவில்லை; வறள அந்தப் பந்தல்காரர்கள் விடவில்லை. பயப்படுவதற்கு எதுவும் இல்லை, வலிதான். வலியைப் பற்றி அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் பதினேழு கிலோமீட்டர் இருந்தது.

"வாரேன் சார்," என்று குடையை விட்டு வெளியே வந்தாள்.

"ஏய் இசக்கி, உக்காந்தே இருந்தா அந்தத் தும்மல்தான் ஊர்ல நிக்கும். எந்திரிளா."

"போங்கக்கா. பின்னாலேயே வந்து மானத்த வாங்குதேன் பாருங்க."

ஆறுமுகநேரியில் வெயில் உப்பளத்தில் பட்டு முகத்தில் அடித்தது. பிரிஸ்கா நடந்தாள், ஓடினாள், நடந்தாள். நடந்து போன ஒரு குடும்பம் அவளைத் தாண்டியது. பிறகு அவள் அவர்களைத் தாண்டினாள். மூன்றாவது தடவை தாண்டியபோது அந்தக் குடும்பத்துப் பெரியவர் தன் தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். ரெமி ஸ்கூட்டரை அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். எதுவும் பேசவில்லை. வீரபாண்டியன்பட்டினத்தில் மட்டும், "கிரேன் கொண்டு வரவா?" என்று கேட்டான். அவள் வைத பிறகு அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

பத்து மணி பதினோரு நிமிடத்துக்குத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போகும் வழியில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை பிரிஸ்கா தாண்டினாள். ஐந்து மணி பதினோரு நிமிடம். கைதட்ட யாரும் இல்லை. மொட்டை போட்ட ஒரு குழந்தை அவளைப் பார்த்து அழுதது. பிரிஸ்கா மணலில் மல்லாந்து விழுந்து, வானத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் நாடியைப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

பதினைந்து நிமிடம் கழித்து நொண்டிக்கொண்டே இசக்கி வந்து சேர்ந்தாள். "ஒரே ஒரு தும்மல். சாட்சி இருக்கு," என்று சொல்லிவிட்டு அவளும் விழுந்தாள்.

கோமதிநாயகம் முடிவுப் படிவத்தோடு மணலில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டரை மணி நேரத்துக்கு மேல பிசகியிருக்கு," என்றார். "ஆரம்பத்துல ரெண்டு செகண்டு கூடப் பிசகாது மேடம். பழைய ஓட்டக்காரங்கள ஏசிக் கூடத்துல முழுசா ஓட வச்சு, நானே ஓட்டத்தையும் கணிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தவன்."

"அப்புறம் எப்படி சார்?" என்றாள் இசக்கி.

"அப்ப ஓடினவங்க முழுசா ஓடிப் பழகினவங்க. அவங்களோட எட்டு நிமிஷத்தப் பாத்து மீதியச் சொல்ல மிஷினுக்குக் கத்துக்குடுத்தோம். அதுக்கப்புறம் வந்தவங்க எட்டு நிமிஷத்த மட்டுமே வளத்தீங்க. மிஷின் மீதியும் இருக்குன்னே நினைச்சிட்டிருக்கு." குரல் தாழ்ந்தது. "எனக்கு இது தோணியிருக்கணும்."

கோமதிநாயகம் படிவத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கேன். வரிசையில மாத்தம் இல்ல. மிஷின் உங்களத்தான் முதல்னு சொன்னது, நீங்கதான் முதல்ல வந்தீங்க. நேரத்த மட்டும் மிஷின் சொன்னபடியே எழுதிரவா? ரெண்டு முப்பத்து நாலு. இந்த அஞ்சு பதினொன்ன வெளிய சொன்னா மிஷின மூடிருவாங்க. மறுபடியும் சித்திரை வெயில்ல பிள்ளைங்கள ரோட்டுல இறக்குவாங்க. அது மட்டும்தான் எனக்குப் பயம்."

பிரிஸ்கா எழுந்து உட்கார்ந்தாள். அவர் பொய் சொல்லச் சொல்வது தனக்காக அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. ஏழு பட்டங்கள். இது ஒன்றைத்தான் அவள் கால் வாங்கியது.

"அஞ்சு பதினொன்னுன்னே எழுதுங்க சார். சித்திரையில ஓடச் சொன்னா, தையில வைங்கன்னு சொல்ல நானும் இவளும் இருக்கோம். பந்தல் வச்சு, பானகம் குடுத்து, மெதுவா. இன்னைக்கு யாரு செத்துப் போனா?"

"என் மானம்," என்றாள் இசக்கி.

"இன்னொண்ணு சார். நான் முதல்ல வரல."

கோமதிநாயகம் நிமிர்ந்தார்.

"முள்ளக்காடு தாண்டி எங்களுக்குப் பின்னால இருந்து ஒரு பொண்ணு வந்து, எங்களத் தாண்டிப் போச்சு. நீங்களும் கார்ல இருந்து பாத்தீங்க. துறைமுக ரோட்டுல நம்ம கோட்டத் தாண்டித்தான் அதுவும் வந்திருக்கு. நமக்கு அப்புறம் கிளம்பி, நமக்கு முன்னால வந்து சேர்ந்திருக்கு. விதியில யாரு ஓடலாம்னு இருக்கா?"

"இல்ல," என்றாள் இசக்கி சட்டென்று. "நான் முழுசாப் படிச்சேன். 'கோட்டிலிருந்து கோடு வரை முதலில் வருபவர்'னுதான் இருக்கு."

கோமதிநாயகம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படிவத்தில் முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் பிரிஸ்கா மோத்தா என்று எழுதினார். மூன்றாவது வரியில் இசக்கியம்மாள். எழுதும்போது அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"முதல் வரியில பேர் வேணுமே."

"அங்கன நிக்குது பாருங்க," என்றான் ரெமி.

பச்சைச் சேலைக்காரி கடலில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. கோமதிநாயகம் எழுந்து அவளை நோக்கி ஓடினார். ஓடி அறியாத மனிதர், மணலில் இரண்டு தடவை தடுக்கினார். அவளை நிறுத்தி, படிவத்தையும் பேனாவையும் காட்டி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினார். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு அவரோடு இவர்கள் இருந்த இடத்துக்கு வந்தாள்.

பக்கத்தில் பார்த்தபோது அவள் சாதாரணமாக இருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியிலோ பருத்திக் காட்டிலோ வேலை செய்கிற எந்தப் பெண்ணையும் போல. பாதங்கள் மட்டும் வேறு மாதிரி. பிரிஸ்காவால் அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இந்த வருஷம் நீங்கதாங்க சாம்பியன்," என்றாள் பிரிஸ்கா. "பேரு மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். பேசக் கூட வேண்டாம்."

அவள் பேனாவை வாங்கவில்லை. படிவத்தையும் பார்க்கவில்லை. பிரிஸ்காவின் இடது கெண்டைக்கால் தோலுக்கு அடியில் துடித்து முடிச்சுப் போடுவதைப் பார்த்தாள். ஈரச் சேலையோடு அப்படியே மணலில் மண்டியிட்டு, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலை ஓர் இடத்தில் வைத்து அழுத்தினாள். பிரிஸ்கா அலறினாள். முடிச்சு அவிழ்ந்தது. கால் முழுவதும் வெதுவெதுவென்று ரத்தம் இறங்கியது. பிறகு அவள் இசக்கியின் தொடையிலும் அதே போல ஓர் இடத்தைத் தேடி அழுத்தினாள். இசக்கி எட்டயபுரம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

பச்சைச் சேலைக்காரி எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள். மஞ்சள் பையைத் தோளில் மாட்டினாள். இருவரின் முகத்தையும் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். பேனாவை நீட்டியபடியே நின்ற கோமதிநாயகத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், கோவிலைப் பார்த்து நடந்து போனாள்.